ஏட்டில் எழுதிய இனம்

ஒரு நாட்டில் வாழும் மக்களை எண்ணிக் கணக்கிடுதலைக் குடிமதிப்பு என்பர். ஆடவர் எத்தனை பேர், பெண்டிர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணுதல் எளிது. தலையை எண்ணினால் கணக்கு முடிந்துவிடும். ஆயின், 'நீ எவ்வினத்தைச் சேர்ந்தவன்?' என்று வினவி, அதற்குரிய விடையை ஏட்டில் எழுதப் புகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அவ்விடையைக் கூற வேண்டியவர் யார்? வாயிலில் வந்து நிற்கும் கணக்கரா? வீட்டினுள் இருப்பவரா? தாய் ஓரினத்தவராகவும் தந்தை வேறினத்தவராகவும் இருப்பின், அவர்தம் மகவை எந்தப் பத்தியில் எழுதுவது? அமெரிக்க ஐக்கிய நாடு இவ்வினாக்களோடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் போராடியது.

அந்நாட்டின் முதற் குடிமதிப்பு 1790-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வெள்ளையர், உரிமை பெற்ற பிறர், அடிமைகள் என்று மக்கள் வகுத்து எழுதப்பட்டனர். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொணரப்பட்டவர்களும் அவர்தம் வழியினருமே அடிமைகள். மாநிலங்களுக்குச் சட்டமன்ற இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடுமாறு அந்நாட்டு அரசியலமைப்பே அன்று விதித்திருந்தது. ஆண்டைமார்க்கும் அடிமைப் பெண்டிர்க்கும் பிறந்த குழந்தைகள் பலர் இருந்தனர். தாயின் நிலையே குழந்தையின் நிலை என்று வர்ஜீனியா மாநிலம் 1662-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருந்தது. ஆதலின் தந்தையின் சாயல் முகத்தில் எழுதியிருந்தாலும் அக்குழந்தை அடிமையே; தந்தையின் உடைமைகளுள் ஒன்றே.

1850-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், வெள்ளையர், கறுப்பர் என்னும் இரு பிரிவுகளோடு, இருவர் குருதியும் கலந்தவர்க்கு உரிய ஒரு பிரிவும் சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதுவும் போதாதெனத் தோன்றிற்று. 1890-இல் கணக்கர்க்கு வழங்கப்பட்ட கட்டளை வியப்பைத் தருவது. நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ கறுப்பர் குருதி உடையவர் ஒரு பிரிவு. எட்டில் மூன்று பங்கு முதல் ஐந்து பங்கு வரை உடையவர் மற்றொரு பிரிவு. நான்கில் ஒரு பங்கு உடையவர் வேறொரு பிரிவு. எட்டில் ஒரு பங்கோ, அதனினும் குறைந்த சிறு சாயலோ உடையவர் இன்னுமொரு பிரிவு. பொன்னின் மாற்றறியக் கட்டளைக்கல் உண்டு. குருதியின் மாற்றறியக் கல் ஏது? வாயிற்படியில் நின்றபடியே, கதவைத் திறந்தவரின் முகத்தை ஒருமுறை நோக்கி, நான்கில் ஒன்றா, எட்டில் ஒன்றா என்று முடிவு செய்த அக்கணக்கரின் திறமையை என்னென்பது! அவ்வாறு தொகுத்த ஏடுகளுள் பெரும்பாலானவை 1921-ஆம் ஆண்டில் வாசிங்டன் நகரில் நேர்ந்த தீவிபத்தில் பாழாயின.

தமிழ் இலக்கணம் பெயர்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் இரண்டாகப் பகுக்கும். காரணம் பற்றி வருவது காரணப் பெயர்; காரணமின்றி இட்டு வழங்குவது இடுகுறிப் பெயர். அமெரிக்க ஏடுகளில் வந்த இனப் பெயர்கள் நிறத்தையும் குருதியையும் காரணமாகக் காட்டிக் காரணப் பெயர்கள் போல் நின்றன. ஆனால் அவை பத்தாண்டுக்கு ஒருமுறை மாறின. 1900-இல் கலப்பினப் பிரிவுகள் எல்லாம் நீக்கப்பட்டன. 1910-இல் ஒன்று மீண்டும் வந்தது. 1930-இல் அதுவும் போயிற்று. மக்களோ மாறவில்லை. இந்தியாவிலிருந்து சென்று குடியேறியவர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்து சென்ற சீக்கியராயிருந்தும், 1920 முதல் 1940 வரை நிகழ்ந்த மூன்று குடிமதிப்புகளிலும் 'இந்து' என்னும் இனத்தவராகவே எழுதப்பட்டனர். ஒரு சமயத்தின் பெயர் வேறொரு சமயத்தார்க்கு இனப் பெயராயிற்று! இவையெல்லாம் இடுகுறிகள் அல்லாமல் வேறென்ன?

1930-ஆம் ஆண்டுக் கட்டளை சுருக்கமானது. வெள்ளையர் குருதியும் 'நீக்ரோ'க் குருதியும் கலந்தவர், பின்னது எத்துணைச் சிறிதாயினும், நீக்ரோ என்றே எழுதப்படுதல் வேண்டும் என்பது அது. 'நீக்ரோ' என்பது அக்காலத்து அரசு ஏடுகளில் வழங்கிய சொல். பிற்காலத்தில் அம்மக்கள் அதனை வெறுத்து ஒதுக்கினர். ஒரு துளி கலந்தாலும் குடம் முழுவதும் கறுப்பு என்னும் இவ்விதியின் கீழ் வாழ்ந்த ஒருவரின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது.

அவர் பெயர் வால்ட்டர் ஒயிட். 'ஒயிட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வெள்ளை என்பது பொருள். பெயருக்கேற்ப அவர் மேனி வெண்ணிறம், கண்கள் நீலம், முடி பொன்னிறம். 1893-ஆம் ஆண்டில் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்ட்டா நகரில் அவர் பிறந்தார். தந்தையார் அஞ்சற்காரர். அவர்தம் முன்னோருள் பலர் வெள்ளையர், சிலரே கறுப்பர். எனினும் அக்குடும்பம் கறுப்பு மக்களோடு வாழ்ந்து, கறுப்பு மக்களின் கோயிலில் தொழுது, தம்மைக் கறுப்பர் என்றே கூறி வந்தது.

1906-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நகரில் கலகம் மூண்டது. வெள்ளையர் கூட்டங்கள் கறுப்பரை வீதிகளில் துரத்தி அடித்துக் கொன்றன. ஒரு கூட்டம் தீப்பந்தங்களோடு ஒயிட் குடும்பத்தார் வாழ்ந்த தெருவிற்கும் வந்தது. வீட்டின் விளக்குகள் அணைக்கப்பட்டன. தந்தையும், பதின்மூன்று வயதே நிரம்பிய மகனும், கையில் துப்பாக்கியோடு பலகணி அருகே இருளில் காத்திருந்தனர். பக்கத்துக் கட்டடத்திலிருந்து எவரோ சுட, கூட்டம் கலைந்து ஓடிற்று. தாம் யார் என்பது அவ்விரவில்தான் தமக்கு விளங்கியது என்று ஒயிட் பிற்காலத்தில் எழுதினார். வெளியே நின்றவர்களின் நிறமும் அச்சிறுவனின் நிறமும் ஒன்றே. ஆயினும் அவர்களோடு சேர்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவனுக்கு எழவில்லை. வெறுப்பே வடிவாய் வந்த அக்கூட்டத்தில் ஒருவனாக இல்லாமற் போனதற்கு அவன் உள்ளம் மகிழ்ந்தது.

1918-ஆம் ஆண்டில் அவர் நியூயார்க்கு நகருக்குச் சென்று, கறுப்பு மக்களின் உரிமைக்காக 1909-இல் தோன்றிய தேசியச் சங்கத்தின் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் தென் மாநிலங்களில் கறுப்பரை வழக்கும் உசாவலும் இன்றிக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமை மலிந்திருந்தது. அதன் உண்மையைக் கண்டறிந்து உலகிற்கு உரைத்தல் வேண்டும். கறுப்பர் ஒருவர் சென்று வினவினால் உயிரோடு மீள இயலாது. ஒயிட் சென்றார். அவரை வெள்ளையர் என்று கருதிய கொலைஞர், தம் செயலைத் தாமே பெருமையாக எடுத்துரைத்தனர். இவ்வாறு நாற்பதுக்கும் மேற்பட்ட கொலைகளை அவர் ஆராய்ந்தார்.

1919-ஆம் ஆண்டில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் எலைன் என்னும் ஊரைச் சூழ்ந்த பகுதியில் கறுப்பு உழவர் பலர் கொல்லப்பட்டபோது, செய்தியாளர் போல அவர் அங்குச் சென்றார். அவர் யாரென்பது எவ்வாறோ வெளிப்பட்டது. தெருவில் எதிர்ப்பட்ட கறுப்பர் ஒருவர் மறைவாக எச்சரித்தார். ஒயிட் விரைந்து சென்று புறப்படும் நிலையிலிருந்த புகைவண்டியில் ஏறினார். பயணச்சீட்டு வாங்கவும் நேரமில்லை. வண்டி அலுவலர் அவரைப் பார்த்து, வேடிக்கை தொடங்கும் வேளையில் புறப்பட்டுவிட்டீரே என்று இரங்கினாராம். வெள்ளையன் போல் திரியும் கறுப்பன் ஒருவன் ஊரில் இருக்கிறானாம். அவனைப் பிடித்தால் என்ன நேரும் என்பதும் அவர் பேச்சில் விளங்கிற்று. தேடப்படுபவரிடமே சொல்லப்பட்ட செய்தி அது!

அவர் தந்தையாரின் முடிவு இதனினும் துயரமானது. 1931-ஆம் ஆண்டில் அட்லாண்ட்டா நகரில் ஊர்தி ஒன்று மோதி முதியவர் வீழ்ந்தார். நினைவிழந்து கிடந்தவரை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றனர். நிறத்தைக் கண்டு, வெள்ளையர்க்குரிய தூய்மையான பகுதியில் சேர்த்து, மருத்துவர் பலர் சூழ்ந்து நின்று பேணினர். அவரைத் தேடி உறவினர் ஒருவர் வந்தார். வந்தவரின் மேனி கருமை கலந்தது. அவ்வளவே! தவறு நேர்ந்துவிட்டது என்று பதறிய பணியாளர், கொட்டும் மழையில் முதியவரைத் தெருவின் மறுபுறத்திற்குக் கொண்டு சென்று, கறுப்பர்க்கென இருந்த பாழடைந்த கட்டடத்தில் கிடத்தினர். சில நாட்களில் அவர் உயிர் அங்கேயே பிரிந்தது. தெருவின் இப்புறத்திலும் அப்புறத்திலும் கிடந்தவர் ஒருவரே. அவர் காயமும் ஒன்றே. ஏட்டில் ஒரு சொல் மட்டும் மாறியது.

அவ்வாண்டிலேயே ஒயிட் தம் சங்கத்தின் செயலாளராக அமர்ந்தார். 1955-இல் இறக்கும்வரை அப்பணியில் நீடித்தார். அவரையொத்த தோற்றமுடைய பலர், பிறந்த ஊரை விட்டு அகன்று, வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டு இன்னல் இன்றி வாழ்ந்தனர். அவர்களைக் குறை கூறுதல் எளிதன்று. பெற்ற தாயைத் தெருவில் கண்டாலும் அறியார்போல் செல்ல வேண்டிய வாழ்வு அவர்களுடையது. ஒயிட்டோ, எந்தப் பத்தியில் எழுதப்படுதல் துன்பமோ, அந்தப் பத்தியிலேயே தம் பெயரை எழுதிக்கொண்டார்.

இதே காலத்தில் வர்ஜீனியாவில் வேறொரு கதை நிகழ்ந்தது. அம்மாநிலம் 1924-ஆம் ஆண்டில் இனத் தூய்மைச் சட்டம் ஒன்றை இயற்றியது. வெள்ளையர் வேறினத்தாரை மணத்தல் கூடாது என்பதும், அயற்குருதி ஒரு சிறிதும் கலவாதவரே வெள்ளையர் என்பதும் அதன் கருத்து. ஆனால் ஓர் இடர்ப்பாடு தோன்றிற்று. அமெரிக்கப் பழங்குடித் தலைவர் ஒருவரின் மகளான போகஹாண்டஸ் என்பவரை, ஜான் ரால்ஃப் என்னும் ஆங்கிலேயர் 1614-இல் மணந்தார். அம்மங்கையின் வழிவந்தோம் என்று சொல்வதை அம்மாநிலத்துச் செல்வக் குடியினர் பலர் பெருமையாகக் கருதி வந்தனர். சட்டத்தின்படி அவர்களும் வெள்ளையர் அல்லர் என்றாகிவிடும் அல்லவா? ஆதலின் பழங்குடிக் குருதி பதினாறில் ஒரு பங்குவரை இருக்கலாம் என்று விலக்கு அளித்தனர். பெரியோர்க்கு ஒரு நீதி!

எளியவர்க்கோ மற்றொரு நீதி. அம்மாநிலத்தில் பிறப்பு, இறப்பு, மணம் ஆகியவற்றைப் பதியும் அலுவலகத்திற்கு 1912 முதல் 1946 வரை தலைவராக இருந்தவர் வால்ட்டர் பிளெக்கர் என்னும் மருத்துவர். கலப்பற்ற பழங்குடியினர் எவரும் தம் மாநிலத்தில் இல்லை. அவ்வாறு கூறிக்கொள்வோர் அனைவரும் உண்மையில் நீக்ரோக்களே என்பது அவர் கொண்ட முடிபு. பிறப்புச் சான்றுகளில் 'இந்தியர்', அதாவது அமெரிக்கப் பழங்குடியினர், என்று எழுதியிருந்ததை அவர் மாற்றினார்; மாற்ற இயலாதபோது சான்றின் பின்புறத்தில் குறிப்பு எழுதினார். மகப்பேறு பார்க்கும் பெண்டிர்க்கும் ஊர் அலுவலர்க்கும் அச்சுறுத்தும் மடல்கள் விடுத்தார். 1943-இல், இன்ன ஊரில் இன்ன குடும்பப் பெயருடையோரை ஐயுறுக என்று பட்டியல் ஒன்றையும் அனுப்பினார்.

ராப்பகனாக், மொனாக்கன், சிக்கஹாமினி முதலிய குடியினர், தம் பாட்டனும் பூட்டனும் சொல்லிவந்த பெயரை அலுவலகம் ஒன்று அழிப்பதைக் கண்டனர். சிலர் தம் இனப் பெயர் மணச்சான்றில் இடம்பெறுதல் வேண்டும் என்பதற்காகவே மாநில எல்லையைத் தாண்டிச் சென்று மணம் புரிந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது ராப்பகனாக் இளைஞர் சிலர், நீக்ரோ என்று எழுதப்பட்டுப் படையில் சேர மறுத்துச் சிறை சென்றனர். கறுப்பர் என்று சொல்லப்படுவதில் இழிவில்லை. அப்பெயரோடு அக்காலச் சட்டம் பிணைத்திருந்த இழிவே பலரை அஞ்சச் செய்தது என்பதும் உண்மை. ஆயினும் ஒயிட்டும் அவ்விளைஞரும் ஒருவர்க்கொருவர் எதிர்த்திசையில் நடந்தது போலத் தோன்றினாலும், இருவரும் வேண்டியது ஒன்றே. தாம் இன்னார் என்பதைத் தம் வாயாற் சொல்லுதல் வேண்டும் என்பதே அது.

அலுவலகத்து மை எளிதில் உலர்ந்து மறைவதன்று. பிற்காலத்தில் அக்குடிகள் நடுவண் அரசின் ஏற்பை வேண்டியபோது, தொடர்ந்து வாழ்ந்துவந்ததற்கு ஏட்டுச் சான்று கேட்கப்பட்டது. ஏடுகளையோ பிளெக்கர் திருத்தியிருந்தார்! ராப்பகனாக் உள்ளிட்ட ஆறு குடிகள் 2018-ஆம் ஆண்டில்தான் தனிச் சட்டத்தின் வாயிலாக அவ்வேற்பைப் பெற்றன.

அதே மாநிலத்தைச் சேர்ந்தவர் மில்டிரெட் என்னும் பெண்மணி. 1958-ஆம் ஆண்டு சூன் திங்களில் ரிச்சர்டு லவிங் என்னும் வெள்ளையரை அவர் வாசிங்டன் நகரில் மணந்தார். ஊர் திரும்பியபின் ஓர் இரவில் காவலர் அவர்கள் உறங்கிய அறைக்குள் புகுந்து இருவரையும் சிறைப்படுத்தினர். ஓராண்டுச் சிறை, அல்லது இருபத்தைந்து ஆண்டுகள் இருவரும் சேர்ந்து அம்மாநிலத்திற்குள் வாராதிருத்தல் என்று தீர்ப்பாயிற்று. அவர்கள் ஊரை விட்டு வெளியேறினர். பின்னர் வழக்குத் தொடுத்தனர். 1967-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள், இனம் காரணமாக மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என்று உச்சநீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. அந்நாளில் பதினாறு மாநிலங்களில் அத்தகைய சட்டம் இருந்தது. இனத்தடையை நீக்கிய அத்தீர்ப்பும் மில்டிரெட்டை நீக்ரோப் பெண் என்றே குறிப்பிடுகிறது. அவரோ தம் முதுமையில், தாம் ராப்பகனாக் குடியின் மகள் என்றே கூறினார்.

இதற்கிடையில் எழுதுகோல் கைமாறத் தொடங்கியிருந்தது. 1960-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல், வீட்டிற்கு வரும் படிவத்தை மக்கள் தாமே நிறைவு செய்யும் முறை படிப்படியாகப் பரவிற்று. ஆனால் ஒருவர்க்கு ஒரு கட்டமே உரியது. இரண்டு இனத்துப் பெற்றோரை உடைய பிள்ளை, தாயையோ தந்தையையோ விட்டுவிட வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போதும் இதே நிலை. இதனைப் பொறாத தாய்மார் பலர் 1990-க்குப் பின்னர்க் கிளர்ச்சி செய்தனர். கலப்பினத்தார் என்று தனிக் கட்டம் வேண்டினர். வால்ட்டர் ஒயிட் பணியாற்றிய சங்கம் இதனை எதிர்த்தது. வேலையிலும் வீட்டிலும் வாக்குரிமையிலும் கறுப்பர்க்கு இழைக்கப்படும் அநீதியை மெய்ப்பிக்கக் கணக்கு வேண்டும். எண்ணிக்கை சிதறினால் வழக்கும் சிதறும் என்பது அதன் அச்சம். எந்தப் பத்தி இழிவு செய்தற்கென்று வகுக்கப்பட்டதோ, அதே பத்தி காப்பிற்கும் கருவியாயிருந்தது. அவ்வச்சத்தை வீண் என்று தள்ளுதற்கில்லை.

1997-ஆம் ஆண்டில் அரசு ஒரு நடுவழி கண்டது. தனிக் கட்டம் இல்லை. ஆனால் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் குறியிடலாம். அவ்வாறு குறியிட்டோர் 2000-இல் 68 இலட்சம் பேர். 2010-இல் 90 இலட்சம் பேர். 2020-இல் 3 கோடியே 38 இலட்சம் பேர், அஃதாவது மக்களில் நூற்றுக்குப் பத்துப் பேர். பத்தாண்டில் இத்துணைப் பெருக்கம் பிறப்பினால் மட்டும் வந்ததன்று. வினாவின் அமைப்பும், விடைகளைத் தொகுக்கும் முறையும் திருத்தப்பட்டதனாலும் வந்தது என்று குடிமதிப்புத் துறையே கூறியது.

கட்டங்கள் திறந்தபின் எல்லாரும் அவற்றிற் புகுந்தார்களா எனின், இல்லை. பியூ ஆய்வு நிலையம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பல இன முன்னோரை உடைய வயதுவந்தோருள் நூற்றுக்கு 61 பேர் தம்மைக் கலப்பினத்தார் என்று கருதவில்லை. ஓரினத்தவராகவே வளர்ந்தோம் என்றனர் சிலர். முகம் ஓரினத்தவர் முகமாகவே உள்ளது என்றனர் சிலர். குடியரசுத் தலைவராயிருந்த பராக் ஒபாமாவின் தந்தை கென்யா நாட்டுக் கறுப்பர். தாய் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த வெள்ளையர். அவரை வளர்ப்பதில் தாய்வழிப் பாட்டனும் பாட்டியும் பெரும்பங்கு கொண்டனர். 2010-ஆம் ஆண்டுப் படிவத்தில் அவர் இரண்டு கட்டங்களில் குறியிட்டிருக்கலாம். கறுப்பர் என்னும் ஒன்றிலேயே குறியிட்டார். அன்பு காட்டிய பாட்டியை மறந்துவிட்டார் என்று வருந்தியோரும் உண்டு. ஒரு கட்டத்தில் இட்ட குறிக்குள் பாட்டியைத் தேடுவது பொருந்துமா?

சென்னையில் 1938-ஆம் ஆண்டில் பிறந்த சியாமளா கோபாலன், உயர்கல்வியின் பொருட்டு 1958-இல் கலிபோர்னியா சென்று, புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். அவர் மணந்தவர் ஜமைக்கா நாட்டவர். தம் பெண்மக்கள் இருவரையும் அந்நாடு கறுப்பராகவே நோக்கும் என்பதை உணர்ந்து, அப்பெருமையோடு அவர்களை வளர்த்தார். அதே வேளையில் சென்னையிலிருந்த தாத்தா பாட்டியிடமும் அழைத்து வந்தார். மூத்த மகள் கமலா ஹாரிஸ் 2021 முதல் 2025 வரை அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தார். அவர் தேர்தலில் வென்றபோது, தாய்வழித் தாத்தாவின் ஊராகிய திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் கோலமிட்டு வெடி வெடித்தனர். அங்குள்ள செய்தித்தாள்களோ, கறுப்பினத்துப் பெண்மணி ஒருவர் முதன்முதலாக அப்பதவியை அடைந்தார் என்று எழுதின. 2024-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, இவர் இந்தியரா, கறுப்பரா என்று மேடையேறி வினவியோரும் இருந்தனர். தம்மை எவ்வாறு சொல்லிக்கொள்வீர் என்று முன்பொருமுறை செய்தியாளர் வினவியபோது, அமெரிக்கர் என்று மட்டும் அவர் விடையிறுத்திருந்தார்.